படலை தாண்டுமுன்: வாகனம் ஓட்டும்போது கவனம் சிதறாதிருக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓட்டப் பழக்குவது என் தொழில். பழக வருபவர்களும், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும், அனுமதிப்பத்திரம் எடுத்துப் பல ஆண்டுகள் கழித்துத் தெருவில் கண்டு மறித்துப் பேசுபவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கிளட்ச், கியர் பற்றி இதில் ஒன்றும் இல்லை. அவற்றை இரண்டு கிழமையில் பழக்கிவிடலாம். கவனத்தைப் பழக்குவதற்குத்தான் நாள் எடுக்கிறது.

கவனச்சிதறல் என்றால் கைத்தொலைபேசிதானே?

பெரியது அதுதான், ஆனால் வேறும் உண்டு. கண் தெருவை விட்டுப் போவது, கை ஸ்டியரிங்கை விட்டுப் போவது, மனம் இரண்டையும் விட்டுப் போவது என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படும்போது பலருடைய மடியில் ஒரு கச்சான் பை இருக்கும். கோது உடைக்க இரண்டு கையும் வேண்டும். விழுந்த பருப்பைத் தேடக் கண்ணும் வேண்டும். ஏ9 வீதியில் எதிரே லொறி வரும் நேரத்தில் சாரதிக்கு அந்த வேலை எதற்கு? கச்சான் பையைப் பின் இருக்கைக்குக் கொடுத்துவிடுங்கள். உடைத்த பருப்பாக முன்னே வரட்டும்.

வெற்றிலை துப்பக் கண்ணாடியை இறக்குவது, சறுக்கிய மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வது, டாஷ்போர்டில் உருளும் தண்ணீர்ப் போத்தலைப் பிடிப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒன்றையோ இரண்டையோ எடுக்கும். தொலைபேசியில் செய்தி தட்டினால் கண், கை, மனம் மூன்றும் ஒன்றாகப் போகும்.

ஒரு செக்கன் பார்ப்பதால் என்ன வந்துவிடும்?

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் வாகனம் ஏறக்குறைய 14 மீற்றர் போய்விடும். யாரும் ஒரு செக்கனோடு நிறுத்துவதும் இல்லை. திரை ஒளிரும், யார் என்று பார்ப்போம், முதல் வரியை வாசிப்போம், பிறகு தெருவுக்குத் திரும்புவோம். மூன்று செக்கன். 42 மீற்றர். மூன்று பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. அவ்வளவு தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும்படி சொன்னால் நீங்கள் ஓட்டுவீர்களா?

இதை நான் கணக்கிலிருந்து மட்டும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் பலாலி வீதியில் கோண்டாவிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் கிடந்த தொலைபேசி ஒளிர்ந்தது. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, சைக்கிளின் பின் கரியரில் வாழைக்குலை கட்டிய ஒரு முதியவர் என் முகப்புக்கு நேரே இருந்தார். பிரேக் பிடித்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் திட்டவும் இல்லை. இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி நின்று, என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. வந்திருந்த செய்தி ஏதோ ஒரு விளம்பரம்.

காதில் மாட்டிப் பேசினால் கை இரண்டும் ஸ்டியரிங்கில்தானே இருக்கும்? அது பாதுகாப்புத்தானே?

அதிகம் பேர் நம்புவது இதைத்தான். கை இருக்கிறது, மனம் எங்கே இருக்கிறது? கனடாவின் ரொறன்ரோ நகரில் விபத்தில் சிக்கிய 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் ஓர் ஆய்வு வெளியானது. தொலைபேசி பேசும் நேரத்தில் விபத்துக்கான ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு என்று அது கண்டது. கையில் பிடிக்காமல் பேசும் கருவியைப் பாவித்தவர்களுக்கு அதனால் பாதுகாப்புக் கூடியதாக அந்தப் பதிவுகள் காட்டவில்லை.

காரணம் எளிது. தமிழில் பார்ப்பதும் காண்பதும் வெவ்வேறு சொற்கள். தொலைபேசியில் காணிப் பிரச்சினை பேசிக்கொண்டு ஓட்டுபவரின் கண் தெருவைப் பார்க்கும். கடவையில் கால் வைத்த பிள்ளையை அவர் காணமாட்டார். பிறகு பொலிஸாரிடம் "பிள்ளை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை" என்பார். அவர் சொல்வது பொய்யாக இருக்காது. அவருடைய மனம் அந்த நேரம் காணிக்குள் நின்றது.

பேச்சு முடிந்த கையோடு மனம் திரும்பிவிடும் என்றும் எண்ண வேண்டாம். காருக்குக் குரலால் கட்டளை கொடுக்கும் வசதிகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. கட்டளை முடிந்த பிறகும் 27 செக்கன் வரை கவனம் முழுமையாகத் திரும்பாமல் இருக்கலாம் என்று அது சொன்னது. 40 கிலோமீற்றர் வேகத்தில் அது 300 மீற்றர். நம் ஊரில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை ஒழுங்கைகள் வந்து வீதியில் விழும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் பக்கத்தில் இருப்பவரோடும் பேசக்கூடாதா?

பேசலாம். பக்கத்தில் இருப்பவரும் தெருவைப் பார்க்கிறார். மாடு குறுக்கே வந்தால் அவர் பேச்சை நிறுத்துவார், சில வேளை உங்களுக்கு முன்னமே "மாடு!" என்பார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு மாடு தெரியாது. ஆனால் முகம் பார்த்துப் பேசும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். மரியாதைக்காகத் திரும்பத் தேவையில்லை, காது கேட்கும். சண்டையை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கவசத்துக்குள் தொலைபேசியைச் செருகிப் பேசுகிறேன். கை படுவதே இல்லையே?

காலையில் எந்தச் சந்தியில் நின்றாலும் இப்படி நான்கு பேரைக் காணலாம். இளைஞர்கள் மட்டும் அல்ல, வேலைக்குப் போகும் பெண்களும் குடும்பக்காரர்களும்தான். மனம் போவது பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். அதற்கு மேலும் மூன்று தீமைகள் உண்டு. ஒரு காது அடைபடுகிறது. பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் எந்தப் பக்கத்தில் என்று தெரியாது. தொலைபேசி நழுவாதிருக்கக் கழுத்து ஒரு பக்கம் சாய்கிறது; அந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பது குறைகிறது. இடம் விடுவதற்காகப் பட்டியைத் தளர்த்துகிறார்கள், அல்லது பூட்டாமல் விடுகிறார்கள். விழும் நேரத்தில் தலைக்கவசம் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

நழுவினால் என்ன செய்வீர்கள்? எவரும் விழட்டும் என்று விடமாட்டார். கை தானாகப் பாயும். 60,000 ரூபாய்த் தொலைபேசியைப் பிடிக்கப் போன கை, பிரேக்கில் இருக்க வேண்டிய கை.

வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் அழைப்பு எடுக்கிறார்கள். அவர்களுக்கு வேறு நேரம் கிடைக்காதே?

இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுப்பதில்லை. நம் வீடுகளில் பாதி உறவு தொலைபேசிக்குள்தான் இருக்கிறது. ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். ரொறன்ரோவில் இரவு 9 மணி, வேலை முடிந்து சாப்பிட்டு ஆறுதலாக இருக்கும் நேரம். நமக்கு அது கோடைகாலத்தில் காலை 6.30, அவர்களின் குளிர்காலத்தில் காலை 7.30. பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம், வீதி முழுவதும் வெள்ளைச் சட்டைகள். இலண்டனில் காலை 8 மணிக்கு வேலைக்குப் போகும் வழியில் மகள் எடுத்தால், அவர்களின் குளிர்காலத்தில் நமக்கு 1.30. பள்ளிக்கூடம் விடும் நேரம். அவர்களுக்கு ஓய்வான வேளை, நமக்குத் தெரு மிகவும் நெருக்கமான வேளையாக வந்து அமைந்துவிட்டது. யாரும் திட்டமிட்டதில்லை, கடிகாரம் அப்படி விழுந்திருக்கிறது.

ஆகவே எடுப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். "7 மணியிலிருந்து 8 மணிவரை நான் தெருவில், அதற்குப் பிறகு எடு" என்று ஒரு தடவை சொன்னால் போதும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அழைப்பை எடுத்ததும் முதல் கேள்வி "சாப்பிட்டாயா" என்று இருக்க வேண்டாம், "ஓட்டிக்கொண்டா இருக்கிறாய்?" என்று கேளுங்கள். ஆம் என்றால் உடனே வைத்துவிடுங்கள். மறுமுனையில் வாகன இரைச்சல் கேட்ட பிறகும் பேச்சைத் தொடர்பவருக்கு அந்த ஆபத்தில் பாதிப் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. சாரதியை மட்டும் குற்றம் சொல்லி இது தீராது.

இங்கே யாரும் வேகமாக ஓட்டுவதில்லையே. நெடுஞ்சாலையா இருக்கிறது?

மெதுவான தெருதான் கவனத்தை அதிகம் கேட்கும். நெடுஞ்சாலையில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த மதில், இல்லாவிட்டால் தகர வேலி; அவற்றுக்கு நடுவில் ஒழுங்கை வாய்; அங்கிருந்து சைக்கிளில் ஒரு சிறுவன் நிற்காமல் வீதிக்கு வருவான். அவனும் உங்களைக் காணவில்லை, நீங்களும் அவனைக் காணவில்லை. முதலில் காணக் கிடைப்பது முன் சில்லு மட்டுமே. அதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக வேண்டும்.

திருநெல்வேலிச் சந்தையடியில் காலை 8 மணிக்குப் பாருங்கள்: மரக்கறி இறக்கும் வாகனம், திடீரென்று நிற்கும் ஆட்டோ, பையைக் கைபிடியில் தொங்கவிட்டுத் தள்ளாடும் சைக்கிள், நடுத்தெருவில் நின்று விலை பேசுபவர்கள். பரமேஸ்வராச் சந்திப் பக்கம் போனால் பல்கலைக்கழக மாணவர்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதிகளை மூடி வேறு வழியாக அனுப்புவார்கள். வழக்கமான வழி என்று கை போகும், அங்கே தடுப்பு இருக்கும். தெரிந்த தெருவில்தான் மனம் வேறு எங்கோ போகும். வேலை முடிந்து வீட்டுப் படலைக்கு வந்த பிறகு "எந்த வழியால் வந்தேன்" என்று நினைவில்லாமல் நின்றிருக்கிறீர்களா? அன்று நல்ல காலம் உங்கள் பக்கம் இருந்திருக்கிறது.

பண்ணை வீதியையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கடல், காற்று பக்கவாட்டில் தள்ளும், மாலையில் சூரியன் கண்ணுக்கு நேரே. அழகான இடம். அழகைப் பார்ப்பதென்றால் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பாருங்கள். எவ்வளவு நேரமும் பார்க்கலாம்.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். அழைப்பை எடுக்காவிட்டால் ஹயர் போய்விடும். என்ன செய்வது?

வயிற்றுப் பிழைப்பு. அதனால் "எடுக்காதே" என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வராது. ஆட்டோவுக்கு 40 கிலோமீற்றர்தான் வேக எல்லை. ஓரங்கட்டி நிறுத்த 10 செக்கன் கூட ஆகாது. மணி அடித்தால் சிக்னல் போட்டு இடது பக்கம் ஒதுங்கி நின்று எடுங்கள். பின்னால் பயணி இருந்தால் "ஒரு நிமிடம், ஒரு அழைப்பு" என்று சொல்லுங்கள். கோபிப்பவர் குறைவு, தன் உயிரை மதிக்கிறார் என்று நினைப்பவர் அதிகம். தவறவிட்ட அழைப்புக்கு உடனே திருப்பி எடுப்பவர் என்று பெயர் எடுத்தால் வாடிக்கையாளர் காத்திருப்பார். என்னிடம் பழகிய ஒருவர் பல ஆண்டுகளாக இப்படித்தான் தொழில் செய்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேலை முழுவதையும் அந்த ஊர்த் தாய்மார் அவரிடம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பயணியோடு பேசுவதற்காக முழு உடம்பையும் பின்னுக்குத் திருப்பும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். உள்கண்ணாடி போதும்.

பாட்டுப் போடலாமா?

போடலாம், அளவாக. வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்க வேண்டும். புறப்படுமுன் தெரிவு செய்யுங்கள், இடையில் மாற்ற வேண்டாம்.

கோயிலைக் கண்டால் கும்பிடாமல் எப்படிப் போவது?

யாழ்ப்பாணத்தில் இது உண்மையான கேள்வி. சந்திக்கு ஒரு பிள்ளையார், ஒழுங்கைக்கு ஒரு வைரவர். இரண்டு கையையும் விட்டுத் தலைக்கு மேல் கூப்பும் மோட்டார் சைக்கிள்காரரை நான் நேரில் கண்டிருக்கிறேன். கோயில் வாசல் என்றால் ஆட்கள் கடக்கும் இடம். அங்கே கையை விடுவது அந்தச் சாமியிடம் வருபவரையே ஆபத்தில் விடுவது. மனதால் கும்பிடுங்கள். அது போதாது என்றால் முறிகண்டியில் செய்வதுபோல நிறுத்தி, இறங்கி, ஆறுதலாகக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். என் தாயார் எனக்குச் சொன்னதும் அதுதான்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது?

காரில் பிள்ளை அழுதால் கை பின்னால் போகும். எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் அது இயல்பு. அதனால் புறப்படுமுன் தண்ணீர், சாப்பாடு, விளையாட்டுப் பொருள் எல்லாவற்றையும் பிள்ளைக்கு எட்டும்படி வையுங்கள், ஆசனப்பட்டியைப் போட்டுவிடுங்கள். அடக்க முடியாத அழுகை என்றால் நிறுத்துங்கள். பள்ளிக்கூடம் ஐந்து நிமிடம் பிந்தினால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஸ்கூட்டியில் பிள்ளையை முன்னால் நிற்கவைப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். பிள்ளையின் தலை உங்கள் பார்வையை மறைக்கும், பிள்ளை கைபிடியைத் திருப்பும், சமநிலை தவறினால் முதலில் மோதுவதும் அந்தச் சிறு தலைதான். பின்னால் இருக்கும் அம்மாவின் சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் புறப்படுமுன் செருகிவிடுங்கள். சில்லு அதைச் சுற்றிவிட்டால் பிடித்து இழுக்க நேரம் இராது.

புகையிரதக் கடவையில் என்ன கவனிக்க வேண்டும்?

1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை ஓடியது. இடையில் 24 ஆண்டுகள். ரயில் சத்தமே அறியாமல் ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது; தண்டவாளம் இருந்த இடத்தைக் குறுக்குப் பாதையாகப் பாவித்தே பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் இன்னும் காலில் இருக்கிறது. பாதுகாப்பற்ற கடவைகளில் காதில் பாட்டோடு கடந்து உயிர் போன செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

கடவைக்கு முன் நிறுத்துங்கள். காதில் உள்ளதை எடுங்கள். காரென்றால் கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்துங்கள். இடம், வலம், மறுபடி இடம் பாருங்கள். தண்டவாளத்தின் மேல் நின்றபடி எதையும் யோசிக்க வேண்டாம், கடந்துவிடுங்கள்.

பஸ் சாரதி தொலைபேசியில் பேசிக்கொண்டே ஓட்டினால் பயணி என்ன செய்யலாம்?

சாரதியோடு வாதாடப் போக வேண்டாம். அவருடைய கவனம் இன்னும் சிதறும். நடத்துநரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார், மூன்று பேர் சொன்னால் கேட்பார். கேட்காவிட்டால் பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் இடத்தையும் குறித்து பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள். தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது இலங்கையில் குற்றம். 50 பேரை ஏற்றியவருக்கும் அதே சட்டம்தான்.

கொழும்புக்கு இரவில் ஓட்டும்போது நித்திரை வராமல் இருக்கத்தான் தொலைபேசியில் பேசுகிறேன். அது தப்பா?

நித்திரை வருகிறதென்றால் அதற்கு மருந்து நித்திரைதான். பேச்சு கண்ணைத் திறந்து வைத்திருக்கும், மனத்தை விழிக்கவைக்காது. ஆனையிறவுக்குப் பிறகு வரும் நேர் வீதி தாலாட்டு மாதிரி. வெளிச்சமான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் கண் அயருங்கள், தேநீர் குடியுங்கள். இரண்டு சாரதிகள் இருந்தால் இன்னும் நல்லது.

சரி, புறப்படும்போது தொலைபேசியை என்ன செய்வது?

ஓடத் தொடங்கிய பிறகு தீர்மானிப்பது மிகக் கடினம். மணி அடிக்கும்போது எடுக்காமல் இருக்க இரும்பு மனம் வேண்டும். அது எனக்கும் இல்லை. ஆகவே தீர்மானம் படலையைத் தாண்டுமுன் நடக்க வேண்டும். இன்றைய தொலைபேசிகள் பலவற்றில் வாகனம் ஓட்டும் நேரத்துக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் செய்திகள் திரையில் வராது. பலவற்றில் "ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்" என்று தானாகப் பதிலும் போகும். வழிகாட்டும் வரைபடம் தேவையென்றால் போகும் இடத்தை நின்றபடியே பதிந்து, குரலை இயக்கி, கண்மட்டத்தில் பொருத்துங்கள். தேவையில்லை என்றால் சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டு, பையைப் பின் இருக்கையில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் இருக்கைக்கு அடியில். சட்டைப் பையில் வேண்டாம். அது நெஞ்சில் அதிரும்போது மனம் தெருவில் நிற்காது.

அவசரம் என்றால்? நிறுத்திவிட்டு எடுங்கள். 1990 என்ற இலக்கத்தில் ஆம்புலன்ஸ் சேவையை அழைப்பதானாலும் நின்றுகொண்டு அழைத்தால்தான் இடத்தைச் சரியாகச் சொல்வீர்கள்.

எடுக்காவிட்டால் அம்மா பயந்துவிடுவார். "எங்கே நிற்கிறாய்" என்று ஐந்து தடவை எடுப்பார். அவருக்கு எப்படிச் சொல்வது?

அந்தப் பயத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். வெளியே போன பிள்ளை நேரத்துக்கு வராவிட்டால் அதற்கு என்ன பொருள் என்று தெரிந்த காலத்தில் வாழ்ந்தவர்கள் நம் தாய்மார். யுத்தம் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் மணி ஏழைத் தாண்டினால் அவர்களின் கால் தானாகப் படலைக்குப் போகிறது. அவருக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. அவருக்கு வேண்டியது செய்தி. புறப்படும்போது ஒரு அழைப்பு: "வெளிக்கிட்டுவிட்டேன், அரை மணித்தியாலம் ஆகும்." போய்ச் சேர்ந்ததும் ஒன்று: "வந்துவிட்டேன்." இடையில் எடுத்தால் பதில் வராது, வராததுதான் நல்லது என்று முன்னமே சொல்லிவையுங்கள். சொன்ன நேரத்தோடு பத்து நிமிடம் சேர்த்தே சொல்லுங்கள், அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சாவகச்சேரியில் இருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வரும் ஒரு மாணவன் தன் தாயோடு இப்படிப் பேசி வைத்துக்கொண்டான். முதல் கிழமை அவர் எடுத்துக்கொண்டே இருந்தாராம். இப்போது மகன் புறப்பட்டதும் தொலைபேசியைச் சாமியறையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறார். அது அடித்தால், பிள்ளை போய் இறங்கிவிட்டான்.